சோற்றில் கோடு கிழித்தவர்

வெள்ளிக்கிழமை இரவு, வளைகுடாவிலை ஈசா டவுன்.

மகள் இன்னும் என்னோடை கதைக்கேல்லை. கதைக்காட்டிப் போகட்டும்.

மத்தியானம் மருமகனின்ரை மேனேஜர் சாப்பிட வந்தார், மதுரைக்காரர். பக்கத்து வீட்டுச் சூடான்காரி அமீனாவும் வந்திருந்தாள். அவளின்ரை வழக்கப்படி ஒரே தாம்பாளத்திலை சோறு போட்டு எல்லாரும் சுத்தி இருந்தம்.

டிவியிலை சூடான் சண்டை ஓடியது. "வெளிநாட்டுப் படை உள்ள போயி இன்னொரு தடவை ரெண்டாப் பிரிச்சு விட்டாத்தான் அடங்குவாங்க, பாட்டி," எண்டு சொல்லி, மேனேஜர் சோத்துக்கு நடுவிலை விரலாலை ஒரு கோடு கிழித்தார்.

அமீனாவுக்குத் தமிழ் தெரியாது. கோடு விளங்கியது. முதல்தரம் நாட்டைப் பிரிச்சபோது அவளின்ரை மனிசன் தெற்கத்தியான் எண்டு அந்தப் பக்கம் போகவேண்டி வந்தது. இன்னும் ஒண்டு சேரேல்லை. அவள் சாப்பிடாமல் எழும்பிவிட்டாள்.

எங்கட ஊருக்கும் சமாதானம் எண்டு வெளிநாட்டு ஆமி வந்தது. எந்த வாசலிலை நிண்டவை, என்ன கேட்டவை, எனக்கு ஒண்டும் மறக்கேல்லை.

தாம்பாளத்தைக் கிட்ட இழுத்து முழுச் சோத்தையும் கையாலை கலந்துவிட்டேன். "இப்ப வடக்கு எது, தெற்கு எது எண்டு காட்டுங்கோ தம்பி." "கோடு மாஃபி, கலாஸ், வா," எண்டு, கோடு இல்லை, முடிஞ்சுது எண்டதை எனக்குத் தெரிஞ்ச அரபியிலை சொல்லி, அமீனாவின்ரை கையைப் பிடித்து இருத்தினேன். வயிறாரச் சாப்பிட்டாள்.

"அவருக்கு வேலையிலை ஏதும் வந்தால் நீங்களோ பாப்பியள், அம்மா?" எண்டாள் மகள். மருமகன் மேனேஜரை அனுப்பிப்போட்டு வந்தார். தாம்பாளத்துக்கு முன்னாலை இருந்து, அந்தக் கலந்த சோத்தை வழித்துச் சாப்பிட்டார்.

எனக்கு அது போதும். இஞ்சை வேலை தொடங்கிற ஞாயிற்றுக்கிழமை அவர் டியூட்டிக்குப் போய் வரட்டும், பாப்பம்.