தவக்காலத்து உப்புக்கண்டம்

மார்ச் 5, 2025, புதன்

என் மனைவி செல்வி என்ன சாப்பிட்டாள் என்று தினமும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். இன்று: அரை தம்ளர் கஞ்சி, இரண்டு ஸ்பூன் தயிர். அவ்வளவுதான். மிச்சப் பக்கம் வீணாகக் கூடாதே என்று என் புலம்பலையும் எழுதுகிறேன். ஐ.டி.ஐ. படித்தவனுக்கு இதுவே அதிகம்.

வாய்ப் புற்றுக்குக் கரண்ட் (கதிர்வீச்சை அப்படித்தான் சொல்வோம்) வைத்து முடித்து மூன்று மாதம். கட்டி போய்விட்டது, கூடவே ருசியும். எதைத் தின்றாலும் அட்டையை மெல்லுகிற மாதிரி இருக்கிறதாம். ருசி திரும்பும், சிலருக்கு லேட்டாகும் என்கிறார் டாக்டர். அதற்குள் எடை இன்னும் இறங்கினால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் ஆகாரம். அந்தக் குழாய் என்றாலே அவளுக்குப் பயம். எனக்கும்தான். நான் காட்டிக்கொள்வதில்லை.

ஷிப்ட் முடிந்து வந்தால் அவள் நெற்றியில் சாம்பல். முடியாத உடம்போடு மாடிக்குத் துணி எடுக்கப் போய், சுரங்கத்துத் தூசி படிந்திருக்கிறது என்று நினைத்து, துண்டை நனைத்துத் துடைத்துவிட்டேன். ஒரு மாதிரி பார்த்தாள். அப்புறம் அவளாகவே, "நம்ம உப்புக்கண்டம் ஒரு துண்டு வாயில வெச்சா நாக்கு முழிச்சிக்கும்னு தோணுதுங்க" என்றாள்.

அவள் வாய்விட்டு ஒன்றைக் கேட்டு எவ்வளவு நாளாகிறது.

மார்ச் 9, ஞாயிறு

முத்தாண்டிக்குப்பம் ரோட்டுக் கடையில் மாட்டுத் தொடைக்கறி, கொழுப்பில்லாமல் பார்த்து வாங்கினேன். வெட்டி, உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், மிளகு, இஞ்சி பூண்டு எல்லாம் போட்டுப் பிசைந்து, பேசினோடு அவள் முன்னால் கொண்டுபோய் நின்றேன். பரிசு வாங்கின பையன் மாதிரி.

"இன்னாங்க இது?"

"நீ கேட்டதுதான்."

"ஈஸ்டருக்கு இல்ல கேட்டேன். தவக்காலத்துல யாராவது கறி எடுப்பாங்களா? கோயில்ல பூசிகினு வந்த சாம்பல நீங்க தொடச்சப்பவே நெனச்சேன், இவருக்கு நாளே தெரியலன்னு."

அன்று சாம்பல் புதன், தவக்காலம் தொடங்குகிற நாள். எங்கள் மகள் சோபியா அவளைக் கோயிலுக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். நான் வேலையில் இருந்தேன்.

"அம்மா நெத்தியில இருந்தது சிலுவைப்பா" என்று சோபியா விழுந்து விழுந்து சிரித்தாள். "நிலக்கரித் தூசி சிலுவை மாதிரியா விழும்?"

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தூசி துடைத்தே பழகின கை. அதற்கு என்ன தெரியும்?

பங்குச் சாமியாருக்குப் போன் போட்டேன். நோயாளிக்கு ஒறுத்தல், நோன்பு எதுவும் கிடையாது, தாராளமாகச் சாப்பிடலாம் என்றார். அவளிடம் சொன்னேன்.

"நல்ல சாமியாரு" என்றாள். "மத்ததெல்லாம் என் நாக்கு வேணாங்குது. இது ஒன்னுதான் நானா வேணாங்கறேன். உடுங்க."

பேசினை மூடி வைத்தேன்.

மார்ச் 10, திங்கள்

பிசைந்த கறியை எறிய மனசில்லை. நன்றாகக் காய்ந்தால் ஈஸ்டர் வரை தாங்கும். கட்டிலில் இருந்தபடி அவள் சொல்லச் சொல்ல, கோணி ஊசியில் சணல் விட்டுக் கோர்த்தேன். நார் போகிற வாட்டத்தில் நீளமாக வெட்டியிருக்க வேண்டுமாம். நான் குறுக்கே நறுக்கியிருக்கிறேன்.

"இது உப்புக்கண்டமா, பீன்ஸ் பொரியலா?"

மார்ச் 12

காக்காயை விரட்ட, மாடியில் கறிச் சரம் கட்டின துணிக்கொடிக் கம்பத்தில் என் பழைய ஹெல்மெட்டை மாட்டினேன். காக்காய் அதன்மேல் உட்கார்ந்து கறியைக் கண்காணிக்கிறது, சூப்பர்வைசர் மாதிரி.

மார்ச் 14, வெள்ளி

வேலையில் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கறி போச்சு என்றே வண்டியை விரட்டிக்கொண்டு வந்தேன்.

மேல்வீட்டு ராஜாங்கம் சாருக்கு மாட்டுக்கறி என்றாலே ஆகாது. அவர்கள் ஊருக்குப் போகிற நாள் பார்த்துத்தான் செல்வி மாடியில் கட்டுவாள்; இந்தத் தடவை நான் அதைப் பார்க்கவில்லை. எப்போதாவது கேட்டால் மட்டன் என்போம். அவரும் நம்பினவர் மாதிரி இருந்துவிடுவார். இன்று பார்த்தால், சரம் மொத்தமும் அவர் வீட்டு வாசல் சன்ஷேடுக்கு அடியில் தொங்குகிறது.

"நனையப் போவுதேன்னு எடுத்து மாட்டினேன் சைமன், இந்த..." கொஞ்சம் நிறுத்தினார். "மட்டன."

நான் சரத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

"செல்விக்குத்தானே? நல்லா காயட்டும். இனிமே நாங்க ஊருக்குப் போறதப் பாத்துகினு இருக்காதீங்க" என்றார்.

கொஞ்சம் நனைந்துதான் இருந்தது. பூஞ்சை பிடிக்குமோ என்ற பயத்தில் இன்னொரு தடவை உப்புத் தூவிப் புரட்டினேன். போதுமா, கூடவா? பொரித்து வாயில் வைத்தால் தெரிந்துவிடும். அவள் வேண்டாம் என்றதை நான் மட்டும் தின்பதா? மறுபடியும் ஒரு கை போட்டேன்.

மார்ச் 25

கல் மாதிரி காய்ந்துவிட்டது. டப்பாவில் போட்டு மூடியாயிற்று. அவளுக்கு இன்று: கால் தம்ளர் கஞ்சி.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஆஸ்பத்திரி. எடை இறங்கியிருக்கிறது. ஈஸ்டர் முடிந்து வாருங்கள், அப்போதும் இப்படியே என்றால் குழாய் போட்டுவிடலாம் என்றார் டாக்டர். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் டப்பாவைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன்.

"ஒரே ஒரு துண்டு, இடிச்சி வறுத்துத் தரேன். யாரு பாக்கப் போறா? செத்து கித்துப் போயிட்டா எந்த ஈஸ்டரு வந்து என்னாத்துக்கு?"

சொல்லிவிட்டேன். இந்த வாயை என்ன செய்ய— அவளுக்கு வைத்த கரண்டை எனக்கு வைத்திருக்கலாம்.

அவள் கோபப்படவில்லை. மூடியைத் தேடி எடுத்து, டப்பாவை அவளே மூடினாள்.

"இன்னும் கொஞ்ச நாளுதான. இருப்பேன்."

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

நானும் கஞ்சிதான் குடித்தேன். இறங்கவில்லை. தினமும் அவள் எப்படிக் குடிக்கிறாள்?

ஏப்ரல் 20, ஈஸ்டர்

பூசை முடிந்து வந்ததும் சுடுதண்ணீரில் கறியை ஊறப்போட்டு, இடித்து, பூப்பூவாகப் பிரித்து, சின்ன வெங்காயத்தோடு வறுத்தேன். சோபியா கஞ்சி ஊற்றினாள். மூன்று பேரும் உட்கார்ந்தோம்.

செல்வி ஒரு சிட்டிகை எடுத்து வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். மெல்லவில்லை. சும்மா வைத்துக்கொண்டே இருந்தாள். ருசி தெரியவில்லை போலிருக்கிறது என்று நான் தரையைப் பார்த்தேன்.

"இன்னாங்க, ரெண்டு தடவ உப்பு போட்டீங்களா?"

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. மூன்று தடவை என்றேன்.

"கரிக்குதுங்க. எப்பா, வாய்லயே வைக்க முடியல" என்றவள், இன்னொரு சிட்டிகை எடுத்து வைத்துக்கொண்டாள். "இன்னும் கொஞ்சம் கஞ்சி ஊத்துடி, கரிப்பு தாங்கல."

சோபியா ஊற்றினாள். நான் தண்ணீர் எடுக்கிற மாதிரி தோட்டத்துப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். என் சமையலைத் திட்டினதற்கு அழுதவன் இந்த பிளாக்கிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

ஏப்ரல் 21, திங்கள்

இன்று: ஒன்றரை தம்ளர் கஞ்சி, உப்புக்கண்டம், கொஞ்சம் ரசம் சோறு.

கறி ஊறுகிற தண்ணீரை மூன்று தடவை மாற்றச் சொன்னாள். இரண்டு தடவை மாற்றிவிட்டு மூன்று என்றேன். வாயில் வைத்ததுமே கண்டுபிடித்துவிட்டாள்.