தோளில் வாங்கிய உதை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம், என் வலது தோளை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதே. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பேரனுக்குப் பல் முளைத்த சேதியை அம்மா மாடிவீட்டுக்காரர் வரைக்கும் சொல்லிவிட்டாள்.

போனில் பேசியபோது, சுடும் தேர்வில் தவறியது ஒரு விஷயமே இல்லை என்று சிரித்தேன் அல்லவா, அது பொய். வங்கி வாசலில் இருபத்திரண்டு வருடமாக ரைபிளோடு நிற்கிறவனுக்கு வருடத்தில் ஒருநாள் ஐந்து குண்டு சுட்டுக்காட்டுவதுதான் பரீட்சை, மூன்று பட்டால் போதும். இதுவரை எப்படியோ பட்டுவந்தது. இந்த வருடம் குறிப்பலகையைத் தள்ளி வைத்தார்கள், ஒன்றுதான் பட்டது. பத்து நாளில் இன்னொரு வாய்ப்பு, அதிலும் தவறினால் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்றார் மேலாளர். நீயோ, வயசாச்சுப்பா, விட்டுட்டு எங்ககூட வந்து இருங்கன்னு டிக்கெட் வரைக்கும் பார்த்துவிட்டாய். உன் பாசம் புரிந்தது, ஆனால் அந்த வயசாச்சு சுருக்கென்று தைத்தது.

மறுநாளே பயிற்சித் திடலுக்குப் போனேன். அங்கே சொல்லிக்கொடுக்கிறவளுக்கு உன் வயதுதான், உன்னைப் போலவே முகத்துக்கு நேரே பேசுகிறாள். நான் ஒரு குண்டு சுட்டதும், சட்டைக்குள்ள என்ன சார் வச்சிருக்கீங்க என்றாள். பழைய காவலாளிகள் நாங்கள் எல்லோருமே சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைப்பதற்குப் பயந்து தோளில் துணி மடித்து வைப்போம், என்னுடையது அம்மா தலையணை உறையில் தைத்துக் கொடுத்தது. அதனால்தான் துப்பாக்கியின் அடிக்கட்டை வழுக்கிப் போய் எலும்பில் இடிக்கிறது என்று கழற்றச் சொன்னாள். நிற்பதும் தப்பாம். வாசல் சுவரில் சாய்ந்தே பழகிய உடம்பு, சுடும்போதும் பின்னால் சாய்கிறதாம். இடது காலை முன்னே வைத்து முட்டியை லேசாக மடக்கி உடம்பை முன்னால் கொடுக்கவேண்டும், கட்டையைத் தோள்குழியில் இறுக்கி அணைத்துக் கன்னத்தை அதன்மேல் பதிக்கவேண்டும், முன்னால் பிடிக்கும் கை தாங்கினால் போதும், நெரிக்கக்கூடாது, விசையைச் சட்டென்று இழுக்காமல் மெதுவாக அழுத்தவேண்டும். துப்பாக்கி உதைக்கத்தான் செய்யும், நீங்க விலகினா இன்னும் ஓங்கி உதைக்கும் என்றாள்.

அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. தான் தைத்ததைக் குறை சொன்ன பெண்ணை ஒருநாள் முழுக்கத் திட்டித் தீர்த்துவிட்டு, மறுநாள் துடைப்பத்தைக் கொண்டுவந்து என் தோளில் ஊன்றி, மறுமுனையைப் பிடித்துத் துப்பாக்கி உதைப்பதுபோலத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். நான் சாய்ந்தால் அவளுக்கு ஒரே சந்தோஷம். நாலாம் நாள் அவளால் என்னை அசைக்க முடியவில்லை.

நேற்று காலையில் தேர்வு. ஐந்தில் நான்கு. மேலாளர் கைகொடுத்தார். அம்மா தெரு முழுக்க நான் குறி தவறாதவன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். இத்தனை வருடமும் உதைக்குப் பயந்து, விசையை அழுத்தும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேதான் சுட்டிருக்கிறேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. நேற்றுதான் குண்டு பட்டுப் பலகை அதிர்வதை முதல்முறையாகப் பார்த்தேன். நெஞ்சு நிறைந்துவிட்டது, மகளே. அதனால் டிக்கெட் எடுக்காதே. உன் வீட்டுக்குக் கட்டாயம் வருவேன், வேலை போனவனாக இல்லை, லீவு போட்டுவிட்டு வருகிறவனாக.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழுங்கள். பிள்ளையை ஈரத்தில் விளையாட விடாதே. பதில் எழுதும்போது கண்ணை மூடிய கதையை மட்டும் எழுதிவிடாதே, உன் கடிதத்தை அம்மாதான் முதலில் பிரிப்பாள்.

இன்னும் வேலையில் இருக்கும்,
உன் அப்பா