வெள்ளையாக விட்ட கன்னம்

செவ்வாய். காலையிலிருந்து தூறல்.

மாடியில் காயப்போட்ட துணி எல்லாம் போச்சு. வாங்க வேண்டியது: ரவை, முந்திரி, வகுப்புக்குக் கரிக்குச்சி.

ஞாயிற்றுக்கிழமை என் மகள் மலரைப் பெண் பார்க்க வருகிறார்கள். வேறு யாருமல்ல, ஓவிய வகுப்பில் என் பக்கத்து ஸ்டூலில் உட்காருகிற, உப்பளத்திலிருந்து வரும் சரோஜா அக்காவும் அவர் மகனும். பையனும் மலரும் போனில் பேசுகிறார்கள், அதுவரை சரி. ஆனால் நான் கொடுத்த போட்டோ? ஸ்டூடியோவில் சொல்லி மலரை வெளுக்க வைத்தது. அவளுக்கே தெரியாது. அவள் அப்பா நிறம், நல்ல கறுப்பு. எதிரே வந்து நின்றால் தெரியாதா? பெரிய மூளை எனக்கு.

புதன். புழுக்கம்.

வகுப்பில் எல்லாரும் பிள்ளைகளைக் கட்டிக்கொடுக்கிற வயசு. மாஸ்டர் இன்று ஜோடி ஜோடியாக, ஒருவர் முகத்தை ஒருவர் வரையச் சொன்னார். "ரப்பர் கெடையாது. கண்ணுக்கு என்னா தெரியுதோ அதப் போடுங்க."

"என்னய நீங்க வரைங்க" என்று என் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டார் சரோஜா அக்கா.

மூக்கு நன்றாக வந்தது. மூக்குத்திகூட. கன்னத்துக்குக் கரியைக் கொண்டுபோகக் கை வரவில்லை. அவரும் கறுப்பு. சம்பந்தியாகப் போகிறவர் முகத்தில் கரியா? நெற்றி, கன்னம், எல்லாம் வெறும் தாளாக விட்டுவிட்டேன். மரியாதையாம்.

பார்த்தார். சிரிக்கவில்லை. "என்னய ஏன் வெளுத்துட்டீங்க?"

கரிக்குச்சியைப் பெட்டியில் போட்டு மூடினேன்.

"ஞாயித்துக்கெழம வர்றோம்ல, அதுக்குள்ள முடிச்சு வைங்க." பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வர்றோம் என்றுதானே சொன்னார்?

வியாழன். மழை.

வைத்திக்குப்பம் மீன்காரம்மா கூடையை இறக்கி நெத்திலி காட்டியது. வேண்டாம் என்றேன். சமைக்க மனசில்லை. சரோஜா அக்காவுக்கு போன் செய்து, மணி அடிக்கும் முன்பே வைத்துவிட்டேன். பயம்.

சனி. மூட்டம்.

மலரிடம் சொல்லிவிட்டேன். முகம் பார்க்காமல், வெங்காயம் நறுக்கிக்கொண்டே. கத்துவாள் என்று நினைத்தேன். டிபன் பாக்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்மா. அவரு அந்த போட்டோவ எனக்கே அனுப்பி, இது நீங்கதானான்னு கேட்டாரு. ஆபீஸ்ல எடுத்தத அனுப்புனேன். அவங்கம்மாகிட்டயும் காட்டிட்டாராம்."

"எப்ப?"

"போன வாரமே."

அப்படியென்றால் புதன்கிழமை எல்லாம் தெரிந்துதான் என் எதிரே வந்து உட்கார்ந்திருக்கிறார். வகுப்பு முடியும்வரை, அசையாமல். நான் அவரையும் வெளுக்கிறேனா என்று பார்த்துக்கொண்டு.

"நான் கறுப்பா இருக்கறது ஒனக்கு அவ்ளோ வெக்கமாம்மா?" மலர் இதை மட்டும் கேட்டாள். இல்லை என்றால் அது பொய். அழுதேன்.

ஞாயிறு. நல்ல வெயில்.

கேசரி ஆயிற்று. பூ வந்தது. மலர் பவுடர் போடவில்லை. நானும் எடுத்து நீட்டவில்லை.

சரோஜா அக்கா படத்தையும் கரியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நெற்றி. கன்னம். கழுத்து. பின்னால் வந்து நின்றாள் மலர். "இன்னும் அழுத்திப் போடு. அவங்க என் கலருதான்."

போட்டுக்கொண்டே இருக்கும்போது அழைப்பு மணி. கழுவ நேரமில்லை, கரிக்கையோடு கும்பிட்டேன்.

சரோஜா அக்கா உட்காரவில்லை. படத்தைக் கேட்டு வாங்கி ஜன்னலோரம் கொண்டுபோனார். மகன் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றான்.

"இப்பதான் நான்" என்றார். "பொண்ணக் கூப்புடுங்க."