சேற்றில் கறுத்த சங்கிலி

அன்பு மகன் ரஞ்சித்குமாருக்கு, உன் அம்மா மனோரமா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் நைனாவும் என் மருமகள் வெண்ணிலாவும் நல்லபடியாக இருக்கிறோம். மஸ்கட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, கிரேன் மேலே ஏறி இறங்கும்போது கைகால் பத்திரமாக, ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று எல்லையம்மனிடம் தினமும் சொல்லிவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைக்கிறேன். தினம்தான் போனில் பேசுகிறோமே, அம்மா எதற்குக் கடுதாசி எழுதுகிறாள் என்று நினைப்பாய். பூபதி லீவு முடிந்து வெள்ளிக்கிழமை அங்கே திரும்புகிறான், அவனிடம் காய்ந்த இறாலும் மாங்காய் ஊறுகாயும் கொடுத்து அனுப்புகிறேன், அந்தப் பையிலேயே இதையும் வைத்திருக்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே என்னைத் திட்ட ஆரம்பித்துவிடுவாய். கடுதாசி என்றால் முழுக்கப் படித்துவிட்டுத்தான் திட்ட முடியும்.

ஊர்ச் சேதி என்று பார்த்தால், முகத்துவாரம் மறுபடி மண் மூடிக்கொண்டது, கடல் தண்ணீர் ஏரிக்குள் வருவது குறைந்துவிட்டது, உன் நைனாவுக்கு வலையில் மீனைவிடப் பாசிதான் அதிகம் வருகிறது. முதுகு வலிக்கிறது என்கிறார், ஆஸ்பத்திரிக்கு வா என்றால் மட்டும் வலி போய்விடுகிறது. வெண்ணிலா வாரத்தில் இரண்டு நாள் பொன்னேரிக்குப் பஸ்ஸில் போய் கவர்மெண்டு பரீட்சைக்கு டியூஷன் படிக்கிறாள். மற்ற நாளில் சும்மா இருக்க மாட்டேன் என்கிறாள். போன மாதம் கரையோரமாக இறால் நன்றாகப் பட்டது, நாங்கள் நாலைந்து பெண்கள் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு சேற்றில் கையால் தடவிப் பிடிக்கப் போனோம், இவளும் கூடவே கிளம்பிவிட்டாள். பிறந்த ஊர் காட்டூரில் வயலில் நாற்று நட்டவளுக்குச் சேறு புதிதா என்ன, முதல் நாளே என் பறியை விட இவள் பறி கனமாக இருந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

விஷயம் அங்கேதான் ஆரம்பித்தது. ஏரியில் இறங்கும்போது நம் பெண்கள் கம்மல் முதல் மெட்டி வரை எல்லாவற்றையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, மஞ்சள் கயிற்றோடுதான் இறங்குவோம் என்பது உனக்குத் தெரியும். சேற்றில் ஒன்று விழுந்தால் விழுந்ததுதான். இவளையும் கழுத்துச் சங்கிலியைக் கழற்றச் சொன்னேன். "அம்மா கையால போட்டது அத்தை, கழட்ட மனசு வரல"னு சொன்னாள். நானும் விட்டுவிட்டேன். உங்கள் கல்யாணத்துக்கு அவள் அப்பா வரவே இல்லை, திருப்பாலைவனம் கோயிலுக்கு அவள் அம்மா ரங்கம்மாள் மட்டும் கடைசி நேரத்தில் ஓடி வந்து, தன் கழுத்தில் இருந்ததைக் கழற்றி இவள் கழுத்தில் போட்டுவிட்டு, ஒரு வாய் காபி கூடக் குடிக்காமல் திரும்பிப் போனாளே, அந்தச் சங்கிலி அது. நாலு நாள் அதோடு இறங்கினாள். குனிந்து தடவும்போதெல்லாம் அது சேற்றிலேயே கிடந்தது. ஐந்தாம் நாள் பார்த்தால் கண்ணி கண்ணியாகக் கறுத்துப்போய், கறி வதக்கின வாணலி மாதிரி ஆகிவிட்டது.

அடுத்த வீட்டுக் கஸ்தூரி கண்ணில்தான் முதலில் பட்டது. "இன்னாக்கா, மருமவ சங்கிலி இப்டி கறுத்துக்கீது, கவரிங்கா"னு தண்ணிக் குழாயடியில் நாலு பேர் நடுவே கேட்டாள். நம் ஊரில் யாருக்கும் வேறு எப்படித் தோன்றும் சொல். வெள்ளிக் கொலுசு கறுக்கும், கவரிங் கறுக்கும், தங்கம் கறுத்து யார் பார்த்தோம். வெண்ணிலா வீட்டுக்கு வந்து, சங்கிலியைக் கழற்றி ஒரு கைக்குட்டையில் சுற்றி பீரோவில் வைத்துவிட்டாள். தினமும் அவள் அம்மாவோடு போனில் பேசுகிறவள், அன்றிலிருந்து பேசவும் இல்லை. எனக்கோ தலை வெடித்துவிடும் போல இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அவள் வீட்டார் நம்மை ஏமாற்றிவிட்டார்கள் என்ற கோபம் துளியும் இல்லை, அதனால் நமக்கு ஆகப்போவது என்ன. ஆனால் தங்கமா இல்லையா என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் பிடிக்காது. மூடி வைத்த சட்டியைத் திறந்து பார்க்காமல் தாண்டிப் போனதில்லை நான், உனக்கே தெரியும்.

அவள் டியூஷனுக்குப் போன நாளில் பீரோவைத் திறந்தேன். இங்கேதான் நீ திட்ட வேண்டும், திட்டிக்கொள். முத்திரை ஏதாவது இருக்கிறதா என்று உன் நைனாவின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன், பழைய காலத்து ஆசாரி செய்தது, ஒன்றும் இல்லை. யூடியூபில் வீட்டிலேயே தங்கத்தைச் சோதிப்பது எப்படி என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டிருந்தாள், அதைப் பார்த்து ஒவ்வொன்றாகச் செய்தேன். உடைந்த ஸ்பீக்கரில் இருந்து காந்தத்தை எடுத்துக் கிட்டே கொண்டுபோனேன். கண்ணியெல்லாம் சும்மா கிடந்தது, கொக்கி மட்டும் டக்கென்று ஒட்டிக்கொண்டது. வினிகர் ஊற்றினால் போலி பச்சை பூக்கும் என்றாள் அந்தப் பெண், பஸ் நிற்கும் இடத்து ஃபாஸ்ட் ஃபுட் கடையில் அரை மூடி வாங்கி வந்து ஊற்றினேன், பச்சை பூக்கவில்லை, அப்போது தங்கம்தான். பீங்கான் கோப்பையின் அடியில் பளபளப்பு இல்லாத சொரசொரப்பான விளிம்பு இருக்கும் பார், அதில் தேய்த்தால் தங்கம் மஞ்சள் கோடு போடும், போலி கறுப்புக் கோடு போடும் என்றாள். தேய்த்தேன், கறுப்பாகத்தான் விழுந்தது. இன்னும் அழுத்தித் தேய்க்கலாம் என்றால் அடுத்தவள் நகை தேய்ந்துவிடுமே என்று கை கூசியது. தண்ணீரில் போட்டால் தங்கம் மூழ்குமாம். போட்டேன், மூழ்கியது. உன் நைனா வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்து, "என் வலையில கட்டின ஈயக்குண்டு கூடத்தான் முழுவுது, அத்த கழுத்துல மாட்டிக்கிறியா"னு கேட்டார். மனிதருக்கு எப்போதும் கிண்டல்தான். கடைசியில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து ஒரு கிண்ணத்தில் ஊறப்போட்டு வைத்தேன்.

அன்றைக்குப் பார்த்து வாத்தியார் வரவில்லை என்று வெண்ணிலா பதினோரு மணிக்கே வந்து நிற்கிறாள். அடுப்படி மேடையில் காந்தம், கோப்பை, கிண்ணத்தில் அவள் சங்கிலி. உன் நைனா வேறு பின்னாலிருந்து, "உங்க அத்தை உன் நகையப் போட்டு ரசம் வைக்கிறாம்மா"னு சொல்லி வைத்தார். அவள் கத்தவில்லை, அழவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கிண்ணத்தையே பார்த்துவிட்டு, "இன்னா அத்தை தெரிஞ்சுது"னு கேட்டாள். அந்தக் குரலைக் கேட்டதும்தான், இந்தப் பெண் பத்து நாளாக என்னைவிட அதிகமாகத் தவித்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு உறைத்தது. அப்புறம் மெல்லச் சொன்னாள். "நெல்லு முழுவின வருஷம் அம்மா இத்த மஞ்சப்பையில போட்டு பொன்னேரிக்கு எடுத்துனு போனாங்க. சாயந்தரம் கழுத்துல போட்டுனு வந்தாங்க. இன்னாத்துக்குப் போனாங்கன்னு நான் கேக்கவேயில்ல. அன்னிக்கே அத்த வித்துட்டு கவரிங் வாங்கிப் போட்டுனு வந்தாங்களோன்னு இருக்குது. இது கவரிங்னா, அன்னிக்கு கோயில்ல எங்கம்மா எனுக்குப் போட்டது ஊருக்குக் காட்றதுக்குத்தானே அத்தை"னு சொன்னாள். வீட்டை எதிர்த்து வந்தவளுக்கு அந்த ஒரு சங்கிலிதான் அம்மா கொடுத்த ஆசீர்வாதம். அதைப் போய் நான் எலுமிச்சம்பழத்தில் ஊறப்போட்டேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பொன்னேரியில் மெஷினில் வைத்துத் தங்கத்தின் தரம், அதான் டச், பார்க்கிற கடைக்குப் போய்விடலாம், அஞ்சு நிமிஷத்தில் சொல்லிவிடுவான் என்றேன். வேண்டவே வேண்டாம் என்றாள், இல்லை என்று அவன் சொல்லிவிட்டால் எங்கள் அம்மா முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்றாள். அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. சங்கிலியைத்தான் இத்தனை சோதனை செய்தோம், சேற்றை யாரும் சோதிக்கவில்லையே. உங்கள் கல்யாணத்தின்போது நீ எனக்கு வாங்கிக் கொடுத்த மோதிரத்தில் கவர்மெண்டு முத்திரையும் நம்பரும் இருக்கிறது, வெண்ணிலா அந்த நம்பரைப் போனில் போட்டுப் பார்த்தாள், சரியான தங்கம் என்று வந்தது. மறுநாள் அந்த மோதிரத்தை விரலில் போட்டு, நழுவாமல் இருக்க நைலான் நூலால் மணிக்கட்டோடு கட்டிக்கொண்டு ஏரியில் இறங்கினேன். கஸ்தூரி பார்த்துவிட்டு, "உனுக்கு பைத்தியம் கியித்தியம் பிடிச்சிக்கிச்சாக்கா"னு கேட்டாள். ஆமாம் என்றேன். இறாலுக்காக இல்லாமல், அழுகின முட்டை நாற்றம் அடிக்கிற அந்தக் கறுப்புச் சேறு எங்கே அதிகமோ அங்கே போய்ப் போய்க் கையை அளைந்தேன். இத்தனை வருஷமாக அந்தச் சேற்றில் கிடக்கிறேன், அது தங்கத்தை என்ன செய்யும் என்று ஒரு நாள் கூட எனக்குத் தெரியவில்லையே. எப்படித் தெரியும், கழற்றி வைத்துவிட்டுத்தானே இறங்குகிறோம்.

மூன்றாம் நாள் மோதிரத்தின் அடிப்பக்கம் மங்கியது, ஐந்தாம் நாள் பூ வேலைப்பாடு முழுக்கக் கறுத்துவிட்டது. நகை கறுத்ததற்குச் சந்தோஷப்பட்ட பொம்பளை இந்த ஏரிக்கரையில் நான் ஒருத்திதான் இருப்பேன். ஓடி வந்து வெண்ணிலாவிடம் விரலை நீட்டினேன், என் கையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். பூந்திக்கொட்டை ஊறவைத்த வெந்நீரில் இரண்டையும் போட்டுப் பழைய பிரஷ்ஷால் தேய்த்தோம், இரண்டும் ஒரே மாதிரி மஞ்சளாக வந்தன. திரும்பக் கோப்பையில் லேசாக இழுத்தேன், மஞ்சள் கோடு. முதலில் விழுந்த கறுப்பு, மேலே படிந்த கறைதான். கொக்கியை உன் நைனா ஊசியால் நெம்பிப் பார்த்தார், உள்ளே முடி போல ஒரு இரும்பு ஸ்பிரிங், காந்தத்தில் ஒட்டியது அதுதானாம்.

இத்தோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். அவளுக்கு முடியவில்லை. அம்மாவைச் சந்தேகப்பட்டதை அம்மாவிடமே சொல்லிவிட வேண்டும் என்று நேற்றுக் காலை சங்கிலியைப் போட்டுக்கொண்டு காட்டூருக்குப் போனாள். சாயந்திரம் ஒரு பை நிறைய அரிசியும் பூசணிக்காயும் தூக்கிக்கொண்டு வந்து, பையை இறக்காமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அந்த வருஷம் கொக்கி உடைந்துவிட்டது, மாற்றத்தான் பொன்னேரிக்கு எடுத்துப் போனேன் என்றாளாம் ரங்கம்மாள். கோபித்துக்கொள்ளவில்லையாம், சோறு போட்டாளாம். இவள் கை கழுவி எழுந்திருக்கும்போதுதான், "சந்தேகம் வந்தா என்னாண்ட கேக்காம, ஏரிச் சேத்தாண்டயாடி போய்க் கேட்ட"னு ஒரே ஒரு வார்த்தை கேட்டாளாம்.

ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை ரஞ்சித்து. காந்தத்தைக் கேட்டது நான், வினிகரைக் கேட்டது நான், சேற்றைக் கேட்டதும் நான். இங்கிருந்து காட்டூர் என்ன பெரிய தூரம். மூடியிருக்கிற எல்லாவற்றையும் திறந்து பார்க்கிறவள், அந்த வீட்டுக் கதவை மட்டும் ஒன்பது மாதமாகத் தட்டவில்லை, அவர்கள் கூப்பிடட்டும் என்று இருந்துவிட்டேன். அதனால் வரும் ஞாயிற்றுக்கிழமை நான் போகிறேன். கூப்பிடாத வீட்டுக்குப் போவாயா, வெண்ணிலாவின் அப்பா வாசலிலேயே நிற்க வைத்தால் என்ன செய்வாய் என்று உன் நைனா கேட்கிறார். வாசலில் நின்றே சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன். உங்கள் சங்கிலியைச் சோதித்தது நான்தான் அண்ணி, உங்கள் பெண் இல்லை, அவளை ஒன்றும் கேட்காதீர்கள் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வெண்ணிலாவுக்கு இன்னும் சொல்லவில்லை, நீயும் முந்திக்கொண்டு சொல்லிவிடாதே.

இதைப் படித்துவிட்டு அவளிடம் அன்பாகப் பேசு, வேலை வேலை என்று இரண்டு நிமிஷத்தில் போனை வைத்துவிடாதே. காய்ந்த இறாலை வெயில் படும் இடத்தில் ஒரு நாள் போட்டு எடுத்து டப்பாவில் வை, இல்லாவிட்டால் புழு வைக்கும். கிரேனில் ஏறும்போது பெல்ட்டைப் போட மறக்காதே. நீயும் வெண்ணிலாவும் நூறு வருஷம் ஒருவருக்கொருவர் குறையில்லாமல் வாழ வேண்டும், எல்லையம்மன் துணை இருப்பாள்.

உன் மேல் எப்போதும் நினைப்பாக இருக்கும்
அம்மா
க. மனோரமா