மடக்கு சைக்கிளும் சித்தப்பாவின் கட்டை விரலும்

என் கண்ணுக்கு,

சித்தி எழுதுறேன். சாமி புண்ணியத்துல இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், உங்க சித்தப்பாவோட வலது கட்டை விரலைத் தவிர. பெத்தது என் அக்காவா இருந்தாலும் வளத்தவ நான், அதனால தினமும் காலையில கண்ணை மூடினா முதல் வேண்டுதல் உனக்குத்தான். அங்க நீ வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒண்ணும் வராம இருக்கணும். அந்த விரல் சமாச்சாரம் உனக்குத் தெரியவே கூடாதுன்னு உங்க சித்தப்பா என்கிட்ட சத்தியம் கேட்டாரு. சத்தியமெல்லாம் சாமிக்குத்தான், தையல்காரருக்குப் பண்ண மாட்டேன்னு சொல்லிட்டேன். சாமிகிட்டயும் மூணு நாள் கேட்டுப் பாத்தேன், எழுதாதேன்னு ஒரு சகுனமும் வரல. நேத்து உன் கடுதாசி வந்துச்சு. ரயிலடியிலேர்ந்து ஆபீசுக்குப் போக மடக்கு சைக்கிள் வாங்கப் போறியாம், வாரத்துல ஒரு நாளோ ரெண்டு நாளோதான் ஓட்டுவியாம், அதனால விலை கம்மியா சித்தப்பா வாங்கின மாதிரியே ஒண்ணு பாத்து வெச்சிருக்கியாம். படிச்சுட்டுத் தலையில அடிச்சுக்கிட்டேன். ஒரு குடும்பத்துக்கு ஒரு புத்திசாலி போதும்டா. போன்ல சொல்லலாம்னா இவரு பக்கத்துலயே உக்காந்து காதைத் தீட்டிக்கிட்டு இருப்பாரு, அதான் எழுதுறேன். பொறுமையா முழுசும் படி, உன் சித்தப்பா மாதிரி பாதியில எல்லாம் தெரிஞ்சவன் ஆயிடாதே.

நம்ம தெருவுக்கு வந்துட்டிருந்த பஸ்ஸை நிறுத்தினது உனக்குத் தெரியும். உங்க சித்தப்பா தச்ச ஆஸ்பத்திரி உடுப்பையெல்லாம் செவ்வாயும் வெள்ளியும் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கம்பெனியில கொடுத்துட்டு, புதுத் துணி வாங்கிட்டு வரணும். மூட்டையோட நடந்தா முக்கால் மணி நேரம். சாதா சைக்கிளா வாங்கிக் கீழ வெச்சா, படிக்கு வழி இல்லைன்னு முதல் மாடி போஸ்ட்மாஸ்டர் காத்தைப் பிடுங்கி விட்டுடுவாரு, ரிட்டயர் ஆனதுலேர்ந்து அவருக்கு அதுதான் உத்தியோகம். அதனால மடக்கு சைக்கிள்னு முடிவாச்சு. வீட்ல இருக்கிற ஒரே இடம் பீரோவுக்கும் வாஷிங் மெஷினுக்கும் நடுவுல. அந்தச் சந்து இடத்தை உங்க சித்தப்பா டேப்பை வெச்சு மூணு தடவை அளந்தாரு, நீளம், அகலம், உயரம். அளந்து எழுதிச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டாரு. ரெண்டு பேரும் சைக்கிள் கடைக்குப் போனோம். கடைக்காரர் நல்ல மனுஷன், ஒரு சுத்து ஓட்டிப் பாருங்க ஐயான்னாரு. ஓட்டுறது கிடக்கட்டும், முதல்ல மடக்குங்கன்னாரு இவரு. மடக்கி வெச்ச ஒவ்வொரு சைக்கிளையும் குனிஞ்சு, நிமிந்து, சுத்தி வந்து அளக்குறாரு, ஏதோ அதுங்களுக்கெல்லாம் பேண்ட் தைக்கப் போற மாதிரி. கடையில இருந்த ஜனம் வேலையை விட்டுட்டு வேடிக்கை பாத்துச்சு, நான் பெல்லு வெச்சிருந்த அலமாரியைப் பாத்துக்கிட்டு நின்னேன். கடைக்காரர் ஒண்ணை எடுத்துக் காட்டி, கொஞ்சம் விலை கூட, ஆனா சீட்டைத் தாங்குற கம்பி இதுல நீளம், உங்க உயரத்துக்கு இதுதான் சரிப்படும்னாரு. இவரு அளந்துட்டு, அரை அங்குலம் இடிக்கும், வேணாம்னுட்டாரு. பீரோவை அரை அங்குலம் தள்ளிக்கலாமேன்னேன். பாத்தாரே ஒரு பார்வை, பட்டன் தைக்கத் தெரியாதவ காலர் வெட்ட வந்துட்டாங்குற மாதிரி. கடைசியில இருக்கிறதுலயே விலை கம்மியா, இருக்கிறதுலயே குட்டியா மடங்குறதை எடுத்தாரு. எப்பவாவது ஓட்டுறதுக்கு இது போதும்னாரு. எப்பவாவது ஓட்டினா எலும்பும் எப்பவாவதுதான் உடையும்னு நெனச்சாரு போல.

வீட்டுக்கு வந்தப்பதான் ஐயாவுக்கு இன்னொண்ணு தெரிஞ்சுது. மடக்கினா உருவம் சின்னதாகும், எடை குறையாது. பதினாறு கிலோ இரும்பு, மூணு மாடி. ஒவ்வொரு படிக்கும் அது இவரு முட்டியில இடிக்க, இவரு சுவத்துல இடிக்க, நான் பின்னாடி சாமி பேரைச் சொல்லிக்கிட்டே வர, முதல் மாடியில கதவைத் திறந்து போஸ்ட்மாஸ்டர் கேட்டாரு: "ஏன் சார், அது உங்களைத் தூக்கிட்டுப் போகணுமா, நீங்க அதைத் தூக்கிட்டுப் போகணுமா?" அந்த மனுஷன் இத்தனை வருஷத்துல உருப்படியா பேசினது அந்த ஒரு வார்த்தைதான். ஆனா அந்தச் சந்துல சைக்கிள் கச்சிதமா உக்காந்துச்சு, அதை ஒத்துக்கணும். ரெண்டு பக்கமும் ரெண்டு விரல் இடம். இவரு தள்ளி நின்னு, தலையைச் சாச்சு, புது மாப்பிள்ளையைப் பாக்குற மாதிரி பாத்துக்கிட்டே இருந்தாரு. அப்புறம் நாலு நாள் உக்காந்து அதுக்கு ஒரு உறை தச்சாரு. உள்ள மெத்துன்னு துணி, ஓரத்துல உருட்டித் தச்ச பைப்பிங், ஜிப்பு, பம்பு வைக்கத் தனியா ஒரு பை. என் ரவிக்கைத் துணி போன வருஷத்துலேர்ந்து மெஷினுக்கு அடியில கிடக்கு, அது வேற கதை.

செவ்வாக்கிழமை கீழ கொண்டு போய் விரிச்சு ஏறி உக்காந்தா, முட்டி ரெண்டும் ஹேண்டில்பார்ல இடிக்குது. முப்பத்தஞ்சு வருஷமா கண்டவன் காலையெல்லாம் அளந்த மனுஷன் தன் காலை அளக்கல. சந்தை அளந்தாரு, சைக்கிளை அளந்தாரு, நடுவுல ஒரு ஆள் உக்காரணும்கிறது ஞாபகம் இல்ல. சரி, சீட்டை உசத்துறேன்னு கம்பியை இழுத்தாரு. அந்தக் கம்பியில ஒரு கோடு போட்டிருக்கும்டா, அது வெளிய தெரியுற அளவுக்கு இழுக்கக் கூடாது. கடைக்காரர் விரலை வெச்சுக் காட்டித்தான் கொடுத்தாரு. கோடு மேல வந்துடுச்சேன்னு நானும் கேட்டேன். "கோடு போட்டா அதுக்கு வெளிய ரெண்டு விரல் விட்டுத்தான் வெட்டுவான். எந்தத் தொழில்காரனும் கோட்டோட நிறுத்த மாட்டான், போடி" அப்படின்னாரு. இரும்புக்கும் உள்பக்கம் தையல் விட்டிருப்பாங்களாம். குண்டானா பிரிச்சு விட்டுக்கலாம்னு நெனச்சாரோ என்னமோ.

மூணு வாரம் சாமி பொறுத்துச்சு. நாலாவது வெள்ளிக்கிழமை ரயில் பாதை மேட்டுல ஒரு தூக்கு தூக்கிப் போட்டிருக்கு, கம்பி வளைஞ்சு சீட்டோட பிடுங்கிக்கிச்சு. இவரு கீழ, மூட்டை இவரு மேல, கட்டை விரல் எல்லாத்துக்கும் அடியில. அந்த நிலையிலயும் சைக்கிளை மடக்கி, உறையைப் போட்டு, ஜிப்பை இழுத்து, வாடகை வண்டியில வந்து இறங்கினாரு. என்கிட்ட மெஷின்ல விரல் மாட்டிக்கிச்சுன்னாரு. மெஷின்ல மாட்டினா முழங்கையில ஏன் தார் ஒட்டியிருக்குன்னு கேட்டேன், டேப்பைத் தேடுற மாதிரி உள்ள போயிட்டாரு. ரெண்டு நாள் அப்படியே நடிச்சாரு. மூணாம் நாள் உறையில மண்ணா இருக்கேன்னு துவைக்கக் கழட்டினேன், உள்ள கம்பி கொக்கு கழுத்து மாதிரி வளைஞ்சு கிடக்குது. அப்படியே சட்டையைப் பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனேன். கட்டுப் போட்ட நர்ஸ் உடுத்தியிருந்தது இவரு தச்ச உடுப்பு. அந்த வலியிலயும் தோள்பட்டை சரியா உக்காந்திருக்கான்னு எட்டி எட்டிப் பாக்குறாரு, எனக்கு மானமே போச்சு. விரலோட அடி எலும்புல விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டுன்னாரு டாக்டர். பிரிச்ச பிறகு பழையபடி கத்திரிக்கோலை அழுத்த வருமான்னு கேட்டேன். பிரிச்சுப் பாத்துதான் சொல்லணும்னாரு.

அந்த ஒரு வார்த்தையை வெச்சுக்கிட்டுத்தான் நாலு வாரமா நாளை ஓட்டுறேன். ரெண்டு தடவை உடுப்பு போகலைன்னா கம்பெனி வேற ஆளைப் பாத்துக்கும், முப்பத்தஞ்சு வருஷம்னெல்லாம் பாக்க மாட்டாங்க. அதனால இப்போ வெட்டுறது, தைக்கிறது எல்லாம் நான். இவரு இடது கையால கோடு போடுவாரு, பாம்பு ஊர்ந்த மாதிரி இருக்கும், அதை நான் நேராக்கி வெட்டணும். பின்னாடி நின்னுக்கிட்டு, கோட்டுக்கு வெளிய விடு, வெளிய விடுன்னு கத்துறாரு. இதுக்கு மட்டும் வெளிய விடுறேன், துணி விழுந்து யார் எலும்பும் உடையாதுன்னேன். கோவிச்சுக்கிட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டாரு, வீடு நிம்மதியா இருந்துச்சு. ஆனா கண்ணு, நான் சமையல்கட்டுல இருக்கேன்னு நெனச்சுக்கிட்டு, மாவுக்கட்டோட அந்தக் கத்திரிக்கோலை எடுத்து வெறும் காத்துல அழுத்திப் பாக்குறாரு. முடியாம மெதுவா கீழ வைக்கிறாரு. சத்தம் கேக்கக் கூடாதுன்னு அடியில துணியைப் போட்டு வைக்கிறாரு. நான் பாக்காத மாதிரி இருந்துடுறேன். அடுத்த வெள்ளிக்கு அடுத்த வெள்ளி கட்டுப் பிரிக்கிறாங்க. அன்னிக்கு நீயும் ஒரு நிமிஷம் கண்ணை மூடி வேண்டிக்கோ, உனக்கு நம்பிக்கை இல்லாட்டியும் பரவாயில்ல, எனக்கு இருக்கு.

இப்போ உன் கதைக்கு வரேன். பாத்து வெச்சிருக்கேன்னு எழுதியிருக்கியே, எங்க பாத்த, போன்லதானே? போன்ல எல்லா சைக்கிளும் அழகாத்தான் இருக்கும், நான்கூட கல்யாண போட்டோவுல அழகாத்தான் இருந்தேன். நேர்ல போ. வாங்குறதுக்கு முன்னாடி கையில தூக்கி அந்தக் கடைப் படியிலயே ஏறி இறங்கு, வெக்கப்படாதே. நீயே மடக்கு, நீயே விரி, நடுவுல இருக்கிற கொக்கி நல்லா பூட்டுதான்னு ஆட்டிப் பாரு. ஏறி ஒரு தெரு சுத்து. சின்னச் சக்கரத்துக்கு டியூப் உன் பக்கத்துக் கடையில கிடைக்குதான்னு விசாரி. பத்து கியர், லைட்டு, கூடை எதுவும் வேணாம், வாரத்துல ரெண்டு நாளைக்கு எதுக்குடா அலங்காரம், அந்தக் காசை நீளமான கம்பிக்கும் நல்ல பிரேக்குக்கும் போடு. எங்க அக்கா உன்னை என் கையில கொடுத்துட்டுப் போனப்ப நீ என் முட்டி உயரம், இப்போ உன் முட்டியே எனக்கு எங்கயோ இருக்கு. சித்தப்பாவுக்கே பத்தாத கம்பி உனக்கு எப்படிடா பத்தும்?

இதை எழுதிட்டிருக்கும்போதே இவரு பின்னாடி வந்து நின்னு எல்லாத்தையும் படிச்சுட்டாரு. திட்டுவாருன்னு பாத்தேன். நேரா போய் தன் அளவு நோட்டை எடுத்துட்டு வந்தாரு. உன் கால் அளவு அதுல இருக்கு, ஆனா நீ கடைசியா வந்தப்ப எடுத்தது, நாலு வருஷம் ஆச்சு. அந்த அளவை நம்ப முடியாதாம், சுவத்துல சாஞ்சு, செருப்பில்லாம நின்னு, கால் உள்பக்கம் புதுசா அளந்து எழுதச் சொல்லுன்னாரு. இல்லாட்டி வந்தா நானே அளப்பேன்னு சொல்லுன்னாரு. சொல்லிட்டேன்.

உடம்பைப் பாத்துக்கோ, தலைக்கு எண்ணெய் வெச்சுக்கோ. ரெண்டு கட்டை விரலோட நூறு வருஷம் நல்லா இருக்கணும்.

உன் சித்தி

கீழ தையல் சாக்பீஸ்ல நீலமா இருக்கிற கோடு இவரு போட்டது, இடது கையால. இவரு நோட்டுல இப்படி ஒரு கோணல் கோடு நீ பாத்திருக்க மாட்டே. இதையும் கம்பி மேல இருக்கிற கோடுன்னு நெனச்சுக்கச் சொன்னாரு. இதுக்கு வெளிய ஒண்ணும் விடலையாம், கோட்டோட நிறுத்திக்கணுமாம்.