காயாத பாதிப் படகு

ராஜபாளையம்,
டிசம்பர், மழை விட்ட ஒரு காலை.

அன்புள்ள அத்தானுக்கு,

பியூலா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் மாமாவும் சுகம். நீங்கள் சுகமா இல்லையா என்று சொல்ல மாட்டீர்கள், அதனால் சுகம் என்றே வைத்துக்கொள்கிறேன். போனை எடுத்தால் "சாப்ட்டியா, சரி வைக்கேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். ஆகவே கடிதம். உங்கள் காலைப் பற்றிக் கேட்காதே என்றீர்கள், கேட்கவில்லை. இது படகைப் பற்றி.

கால் முழுசாக இருந்தபோது பட்டாளத்திலிருந்து வந்த அந்தக் கடைசி லீவில் பிளைவுட்டில் படகு கட்டி, உள்பக்கம் மட்டும் கண்ணாடித் துணி ஒட்டி எபாக்ஸிப் பசை பூசிவிட்டுப் போனீர்கள். செயற்கைக் கால் பொருத்தினாலும் ஊருக்கு வரமாட்டேன் என்று புனே ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் சொன்னீர்களே, அதற்கு மறுநாள் மாமா வெளிப்பக்கத்தில் கை வைத்துவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய கண்மாய் நிறைந்து கிடக்கிறது, வற்றுவதற்குள் முடிக்க வேண்டுமாம்.

உங்கள் உள்பக்கம் தட்டினால் கல். மாமாவின் வெளிப்பக்கம் பலாப்பால் மாதிரி ஒட்டுகிறது. ஒரு பல்லி மாட்டிக்கொண்டு, தேங்காய் எண்ணெய் தடவித்தான் அதை விடுவித்தேன். டப்பாவில் ரெசின் பசை இரண்டு பங்கு, அதை இறுக வைக்கும் ஹார்ட்னர் ஒரு பங்கு என்று போட்டிருக்கிறது. அப்படியேதான் கலந்தார், நான் பக்கத்தில் நின்றேன்.

பஸ் பாடி கட்டும் சதீஷ் வந்து பார்த்தார். "ஹார்ட்னரக் கூடக் கொஞ்சம் ஊத்துங்க அண்ணாச்சி, வெரசா இறுகிரும்" என்றார். அவர் பட்டறைச் சரக்குக்கு அது சரியாக இருக்கும் போல. மாமா அப்படி ஊற்றிப் பூசியதும் இது ரப்பராகிவிட்டது. ஆனால் மிச்சத்தைக் குவளையில் வைத்தால் புகைந்து, சூடேறிப் பாறையாகிவிட்டது. ஒரே சரக்கு குவளையில் கொதிக்கிறது, படகில் பிசுபிசுக்கிறது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

கொட்டகையைச் சுற்றிலும் மாமா ஈரச் சாக்கு கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். தரையிலும் தண்ணீர். ஏன் மாமா என்று கேட்டேன். "காலமெல்லாம் நூல் மில்லுல நின்னவன்ட்ட கேக்கியே. ஈரம் கொறஞ்சா நூலு அறும்லா. இதுவும் நூலுதான, கண்ணாடி நூலு" என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் நான் பேண்டேஜ் யூனிட்டில் வேலை பார்க்கிறவள். அங்கே துணியில் துளி ஈரம் இருந்தாலும் பேக் பண்ண விடமாட்டார்கள். யார் சொல்வது சரி என்று யாரிடம் கேட்பேன்?

போன வாரம் மாமா ஒரு சாவு வீட்டுக்குத் துட்டி கேட்க வத்திராயிருப்பு போயிருந்தார். நான் சாக்கையெல்லாம் அவிழ்த்தேன். முகப்புப் பக்கம் மட்டும் பிசுக்கை மரம் தெரியச் சுரண்டி, நன்றாக உலர விட்டு, புதுத் துணி வைத்து, டப்பாவில் உள்ள கணக்குப்படியே கலந்து பூசினேன். குண்டு பல்பு ஒன்றையும் பக்கத்தில் எரியவிட்டேன். மறுநாள் தட்டினால் கல், அத்தான். உங்கள் உள்பக்கம் மாதிரியே.

மாமா வந்ததும் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தார். பாராட்டுவார் என்று நினைத்தேன். "மிச்சத்த எப்படிச் செய்யன்னு எம் மவன் பிரேம்ட்ட எழுதிக் கேளு" என்றார். அதுதான் தெரிஞ்சுபோச்சே மாமா என்றேன். "நமக்குத் தெரிஞ்சா போதுமா? அவன் சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டு, நான் அவிழ்த்துப் போட்ட சாக்கை எடுத்து நனைத்து மறுபடியும் கட்டிவிட்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர் திரும்பியபோது கண் சிவந்திருந்தது. நான் போய்ப் பேனாவைத் தேடி எடுத்தேன்.

உங்களிடம் கேட்டுவிட்டேன். மிச்சத்தை எப்படிச் செய்ய?

படகில் உட்கார்ந்துவிட்டால் கைதான் வேலை செய்யணும், பயப்படாதே என்று நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். நான் இப்போதும் பயப்படுகிறேன், தண்ணீருக்கு இல்லை.

கிறிஸ்துமஸுக்கு உங்களை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்க ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதை எழுதும்போதும் மாமா கொட்டகையில் சாக்கை நனைத்துக்கொண்டிருக்கிறார். போதும் அப்பா என்று சொல்ல நீங்கள் வர வேண்டும்.

உங்கள்,
பியூலா