மாதத்துக்கு ஒன்று

செப்டம்பர் 14, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். புல் வெட்ட முடியவில்லை. சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் மீன்குழம்பு. ஃப்ரோசன் வஞ்சிரம்தான், ஆனாலும் என் மனைவி சுபா கைப்பக்குவம்.

மதியம் நண்பன் ஜெரால்டு பார்சிப்பனியிலிருந்து வந்தான். அவன் மனைவி அனிதா ஜூனில் மகள் நிக்கியைக் கூட்டிக்கொண்டு டெக்சஸ் போனாள், ரவுண்ட் ராக்கில் தன் அக்கா வீட்டுக்கு, லீவுக்கு. பள்ளிக்கூடம் திறந்தும் திரும்பவில்லை. அதிலிருந்து இவனுக்கு ஞாயிறு சாப்பாடு நம் வீட்டில். சுபா போன் செய்தபோதெல்லாம் அனிதா, "இங்கயே ஸ்கூல் சேத்துட்டேன்க்கா" என்பதோடு சரி.

கை கழுவும்போது கேட்டான்.

"ஒரு ரெஃபரன்ஸ் வேணும் மாப்ள."

வேலை மாறுகிறான் என்று நினைத்தேன்.

"ஹேண்ட்கன் பர்மிட்டுக்கு. சொந்தக்காரங்க குடுக்கக்கூடாது. வெளியாள் ரெண்டு பேர். ஆபீஸ்ல ஒருத்தன் சரின்னுட்டான்."

"உனக்கு எதுக்குடா துப்பாக்கி?"

"எங்க தெருவுல ரெண்டு வீட்ல திருட்டு. நம்மாளுங்க வீடாப் பாத்து வரான், நகைக்கு."

நகை எல்லாம் அனிதா எடுத்துக்கொண்டு போய்விட்டாளே என்று வாய்வரை வந்தது. சரி என்றேன். இருபத்து நான்கு வருடப் பழக்கம்.

செப்டம்பர் 17, புதன்

அவன் ஊர்ப் போலீஸிடமிருந்து ஈமெயில். லஞ்சில் உட்கார்ந்து முடித்தேன். அவ்வளவு சின்ன ஃபார்ம்.

எப்படிப் பழக்கம்? காலேஜ் ஹாஸ்டல், ஒரே ரூம்.
குடிப்பாரா? இல்லை. (பார்ட்டியில் இரண்டு. அதையெல்லாம் எழுதுவதா?)
கோபம், வன்முறை? இல்லை.
இவருக்குத் துப்பாக்கி தரக்கூடாது என்பதற்குக் காரணம் ஏதும் தெரியுமா?

இங்கே கொஞ்ச நேரம் நின்றேன். போன ஈஸ்டர், அவன் வீடு. பால் வாங்கப் போக அனிதா கார்ச் சாவி கேட்டாள். இரண்டு தடவை கேட்டாள். அவன் பேன்ட் பாக்கெட்டைத் தட்டிக்கொண்டே, "நீ எங்க போகப்போற?" என்று சிரித்தான். நாங்களும் சிரித்தோம். அவள் மட்டும் ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

இது ஒரு காரணமா? "இல்லை" அழுத்தினேன். ஒரு மணிக்கு ஆடிட் மீட்டிங்.

அக்டோபர் 18, சனி

வெயில், ஆனால் குளிர். இலை வாரி ஆறு பை.

ஜெரால்டுக்கு பர்மிட் வந்துவிட்டது. ஒன்று இல்லை, மூன்று. ஒரு துப்பாக்கிக்கு ஒரு பர்மிட்டாம். ஒரே மனுவில் மூன்று கேட்டிருக்கிறான். நான் கொடுத்த பதில் ஒரு தடவை. மூன்றுக்கும் அதுவே.

முதல் துப்பாக்கி இன்று வாங்கி, போட்டோ அனுப்பினான். பிறகு போனில் புலம்பல்.

"இந்த ஸ்டேட்ல எல்லாத்துக்கும் ஒரு ரூல் மாப்ள. முப்பது நாளைக்கு ஒண்ணுதானாம். பர்மிட் கையில இருக்கு, கடைல சாமான் இருக்கு, குடுக்க மாட்டேங்கிறான்."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த சுபா, அவன் வைத்த பிறகு: "ஒரு ஆளுக்கு எதுக்கு மூணு? எத்தனை கை இருக்கு அவருக்கு?"

"கலெக்‌ஷன் மாதிரி."

"நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?"

டயர் மாற்ற வேண்டும், குளிர் வருகிறது.

நவம்பர் 16, ஞாயிறு

ஜெரால்டு வரவில்லை. சாம்பார் மிச்சம்.

சாயங்காலம் போன். அனிதாவின் வக்கீலிடமிருந்து டிவோர்ஸ் பேப்பர் வந்திருக்கிறதாம். கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. நிதானமாக, பக்கம் பக்கமாக வாசித்துக் காட்டினான். கடைசியில், "அவளுக்கு யாரோ சொல்லிக் குடுக்கறாங்க" என்றான். குரல் ஏறவே இல்லை. பயம் வந்தது அதில்தான்.

பிறகு வேறு பேச்சு மாதிரி: "ரெண்டாவது துப்பாக்கி சனிக்கிழமை எடுத்துக்கலாம். அதுக்குள்ள முப்பது நாள் முடிஞ்சிரும்."

மாதத்துக்கு ஒன்று என்று சட்டம் எழுதியவர்கள் மொத்தமாக வாங்கி விற்கிறவனை நினைத்து எழுதியிருப்பார்கள். இவன் விற்கப்போவதில்லை. முதல் ஒன்றே கையில் இருக்கிறது. இரண்டாவதற்குக் காத்திருக்கும் நாள் யாருக்கு என்ன பாதுகாப்பு?

நவம்பர் 17, திங்கள்

ஆபீஸ் பார்க்கிங்கில் காரில் உட்கார்ந்து அந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன். மரியாதையான ஆள். நான் கொடுத்த பதிலை மாற்ற வேண்டும் என்றேன்.

மிரட்டினாரா? இல்லை. அடித்தாரா? எனக்குத் தெரிந்து இல்லை. சாகப்போகிறேன் என்றாரா? இல்லை. பிறகு என்ன மாறியது?

கார்ச் சாவி கதையை ஆங்கிலத்தில் சொன்னேன். ஆங்கிலத்தில் அது ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது.

குறித்துக்கொள்கிறேன் என்றார். கோர்ட்டில் உத்தரவு வாங்கித் துப்பாக்கியை எடுக்க வழி உண்டாம். மனைவி கேட்கலாம், குடும்பத்தார் கேட்கலாம், ஆனால் சொல்ல ஏதாவது திடமாக இருக்க வேண்டும். நான் குடும்பமில்லை.

பன்னிரண்டு நிமிடம். கையுறையைக் கழற்றாமலே பேசியிருக்கிறேன், வியர்த்துவிட்டது.

நவம்பர் 18, செவ்வாய்

அனிதாவுக்கு நானே போன் செய்தேன். மறைத்துப் பயனில்லை. துப்பாக்கி ஒன்று வாங்கிவிட்டான், இரண்டாவது சனிக்கிழமை என்றேன்.

கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"அவர் என்னை அடிச்சதில்லண்ணா. நான் எந்த ரூம்ல இருந்தாலும் அந்த வாசல்ல வந்து நிப்பாரு. அவ்வளவுதான். இத எந்த கோர்ட்ல போய் நான் சொல்ல?"

"வக்கீல்ட்ட சொல்லும்மா."

"சொல்லிட்டேன். எழுதிட்டு வாங்கன்னாங்க. நின்னாருன்னு எத்தனை தடவை எழுதறது?" பிறகு, "போலீஸ் சும்மாவா குடுத்தாங்க? யாரையாவது விசாரிச்சிருப்பாங்கல்ல? யாரு நல்லவருன்னு சொன்னது?"

"நான்தாம்மா."

"நிக்கிய பிக்கப் பண்ணணும்ணா. வைக்கிறேன்."

டெக்சஸில் மணி பதினொன்றுகூட ஆகியிருக்காது, பள்ளிக்கூடம் விடும் நேரமே இல்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

முதல் பனி, இரண்டு இஞ்ச். வாசலில் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டினேன். சுபா கேக்குக்குப் பழம் ஊறவைத்திருக்கிறாள்.

ஜெரால்டு வந்தான். எடை குறைந்திருக்கிறான். சந்தோஷமாக இருந்தான். கம்பெனி டிரான்ஸ்பர் கொடுத்துவிட்டது, ஆஸ்டின் ஆபீஸ். அனிதாவின் அக்கா வீட்டிலிருந்து இருபது நிமிடம்.

"அப்ப மூணாவது பர்மிட்?" என்றேன், வேறு ஒன்றும் தோன்றாமல்.

"அது கெடக்குது. டெக்சஸ்ல பர்மிட்டும் கிடையாது, மாசக் கணக்கும் கிடையாது. டிரைவிங் லைசென்ஸ் மாத்திட்டா போதும், ஒரே நாள்ல எத்தனை வேணா எடுக்கலாம். உன்னையும் தொந்தரவு பண்ண வேண்டாம் பாரு."

சுபா தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

டிசம்பர் 20, சனி

பார்சிப்பனி போய்ப் பெட்டி ஏற்றிக் கொடுத்தேன். சமையல் சாமான் எதுவும் எடுக்கவில்லை. நிக்கியின் சைக்கிளை எடுத்துக்கொண்டான். டிக்கியில் கடைசியாகப் பூட்டுப் போட்ட இரண்டு கறுப்புப் பெட்டி.

"அத மட்டும் எங்கிட்ட வச்சிட்டுப் போடா. செட்டில் ஆனதும் பாத்துக்கலாம்."

"உங்கிட்ட துப்பாக்கி ஐடி கார்டு இருக்கா? பர்மிட் இருக்கா? சட்டப்படி உன் கைல குடுக்கக்கூடாது மாப்ள." நிஜமாகவே என் நல்லதுக்குச் சொல்வது போலச் சொன்னான்.

"ஜெரால்டு, நீ என்ன செய்யப்போற?"

"என்ன செய்வேன்? எம்பொண்ண பாக்கப் போறேன்."

கண் கலங்கியிருந்தது. அது நிஜம். கட்டிப்பிடித்துக்கொண்டான். நானும்தான். காரை மறித்து நிற்கலாம் என்று ஒரு நினைப்பு. ஓரமாக நகர்ந்து, பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்து, கை காட்டி வழியனுப்பினேன்.

அந்தப் போலீஸ்காரருக்குப் போன். லீவில் இருக்கிறார். வேறொருவர் எடுத்தார், டெக்சஸ் போலீஸிடம் சொல்லுங்கள் என்று நம்பர் கொடுத்தார். அங்கேயும் சொன்னேன். அதே கேள்விகள். அதே "இல்லை"கள்.

டிசம்பர் 23, செவ்வாய்

மழையும் பனியும் கலந்து. ஆபீஸ் பாதி நாள்.

மதியம் சுபா போனைக் காட்டாமல் சொன்னாள்: "அனிதா இப்ப அவ அக்கா வீட்ல இல்ல. நேத்தே நிக்கிய கூட்டிட்டுக் கிளம்பிட்டா."

"எங்க?"

"எனக்குத் தெரியும்." போனைக் கவிழ்த்து வைத்தாள். "உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டா."

சரி என்றேன். சரிதானே.

நான்கு மணிக்கு ஜெரால்டிடமிருந்து போன். பின்னால் காற்றுச் சத்தம். தெருவில் நிற்கிறான்.

"வந்து சேந்துட்டேன் மாப்ள. வீடு பூட்டியிருக்கு. அனிதா எங்கன்னு தெரியுமா?"

"தெரியாதுடா."

"சத்தியமா?"

"சத்தியமா தெரியாது."

மூச்சு விடுவது கேட்டது. "நீ பொய் சொல்ல மாட்டேன்னு தெரியும். போனை சுபாகிட்ட குடு."

சுபா அடுப்படியில், பழத்தைப் பிழிந்த கையோடு, என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.